டேலி, க்னூகேஷ் வைத்து வீட்டிலேயே கணக்கியல் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு எழுதுவதே என் தொழில். மாலை நேரங்களில் பிளஸ் ஒன் வணிகவியல் மாணவர்களுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும், குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று வரும் பெண்களுக்கும் டேலி, க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருட்களை வைத்துக் கணினியில் கணக்கியல் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கியல் ஒன்றும் தெரியாது. நேராகக் கணினியில் உட்காரலாமா?

உட்காரலாம். ஆனால் பட்டன்களைக் கற்பது வேறு, கணக்கைக் கற்பது வேறு. டேலியில் எஃப்5 அழுத்தினால் பேமென்ட் (பணம் கொடுத்தது), எஃப்6 அழுத்தினால் ரிசீப்ட் (பணம் வந்தது) என்பதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். வாடகை கொடுத்ததும், கடன் வாங்கிய இடத்தில் தவணை கட்டியதும், வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததும் எஃப்5-இல்தான் விழும். மூன்றிலும் பணம் வெளியேதான் போகிறது. ஆனால் முதலாவது செலவு, இரண்டாவது கடன் குறைவது, மூன்றாவது முதலாளியின் எடுப்பு. இந்த வேறுபாட்டை எந்த மென்பொருளும் உங்களுக்காக முடிவு செய்யாது. அதை முடிவு செய்யத் தெரிவதற்குப் பெயர்தான் கணக்கியல்.

மென்பொருளில் கற்பதன் பெரிய லாபம் உடனடி விளைவு. நோட்டில் எழுதினால் குறிப்பேடு (நடந்ததைப் பற்று வரவாக எழுதுவது), பேரேடு (அதைக் கணக்கு வாரியாகப் பிரிப்பது), இருப்பாய்வு (எல்லாக் கணக்கின் மீதியையும் பட்டியலிட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது), இறுதிக் கணக்கு (இலாபமும் கடையின் நிலையும்) என்று நான்கு கட்டம் தாண்டித்தான் உங்கள் பதிவு என்ன செய்தது என்று தெரியும். கணினியில் ஒரு பதிவைப் போட்டுவிட்டு அடுத்த நொடியே சொத்து எவ்வளவு, கடனும் முதலும் எவ்வளவு என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து பார்க்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாமல், வவுச்சர் எனப்படும் பதிவுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் தட்டச்சுதான் தேறும்.

பற்று, வரவு எப்போதும் தலைகீழாகவே வருகிறது. பணம் வந்தால் வரவுதானே?

தமிழில் கற்பவர்கள் எல்லோருமே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் அவர்கள் அல்ல. வீட்டில் நாம் பேசுவது "வரவு செலவு". பாடப் புத்தகம் பேசுவது "பற்று வரவு". வரவு என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது. வீட்டில் வரவுக்கு எதிர்ச்சொல் செலவு, புத்தகத்தில் பற்று. போதாக்குறைக்கு, பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று என்கிறது புத்தகம். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் இதைத் தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டிலிருந்து தொடங்குவேன். எதிர் வீட்டு அக்கா பணம் தராமல் 240 ரூபாய்க்கு அரிசி, பருப்பு வாங்கிப் போகிறார். கடைக்காரர் அவர் பக்கத்தைத் திறந்து "பற்று 240" என்று எழுதுகிறார். சனிக்கிழமை 200 ரூபாய் கொண்டுவந்து தருகிறார். அதே பக்கத்தில் "வரவு 200". மீதி 40 இன்னும் பற்றாக நிற்கிறது. கடைக்காரர் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆனால் அவர் எழுதியது, ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு பற்று, ஒரு வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப்பதிவின் அப்பழுக்கற்ற ஒரு பாதி. பெற்றுக்கொண்டவருக்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு.

இப்போது அந்த 200 ரூபாய் எங்கே போனது? கல்லாப் பெட்டிக்குள். பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பெட்டி பணத்தைப் பெற்றுக்கொண்டது, ஆகவே பெட்டியின் பக்கத்தில் பற்று 200. அக்கா கொடுத்தார், ஆகவே அக்காவின் பக்கத்தில் வரவு 200. "பணம் வந்தால் வரவு" என்று நீங்கள் சொன்னது தவறே இல்லை. அந்த வரவு யாருடைய பக்கத்தில் என்று மட்டும்தான் கேட்க வேண்டும். கொடுத்தவர் பக்கத்தில்.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பாருங்கள். தையல் இயந்திரம் வாங்கினால் இயந்திரத்தின் பக்கம் பணத்தின் மதிப்பைப் பெற்றுக்கொண்டது, பற்று. வாடகை கொடுத்தால் வாடகையின் பக்கம் பெற்றுக்கொண்டது, பற்று. தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தால் தையல் வேலை பணத்தைத் தந்தது, வரவு. புத்தகத்தில் ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்று மூன்று விதிகள் தனித்தனியாக இருக்கும். தேர்வுக்கு அவை தேவை. புரிந்துகொள்ள இந்த ஒரு பற்று நோட்டு போதும் என்பது என் அனுபவம்.

அப்படியானால் வங்கியிலிருந்து வரும் செய்தியில், பணம் போட்டால் "கிரெடிட்டட்" என்று ஏன் வருகிறது?

அது உங்கள் நோட்டு இல்லை, வங்கியின் நோட்டு. நீங்கள் 5,000 ரூபாய் போட்டால் வங்கிக்கு நீங்கள் கொடுத்தவர். அவர்கள் நோட்டில் உங்கள் பக்கத்தில் வரவு. உங்கள் நோட்டில் வங்கி பெற்றுக்கொண்டது, ஆகவே வங்கிக் கணக்கில் பற்று. ஒரே நிகழ்ச்சி, எதிரெதிர் இடத்திலிருந்து பார்க்கப்படுகிறது. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் உங்கள் பதிவையும் ஒப்பிடும்போது இது மனதில் நிற்காவிட்டால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

எந்த மென்பொருளில் தொடங்குவது? காசு கட்ட வேண்டுமா?

கற்பதற்குக் காசு தேவையில்லை.

டேலி பெங்களூரு நிறுவனத்தின் தயாரிப்பு. 1986-இல் தொடங்கியது. 2009-இல் டேலி ஈஆர்பி 9, 2020 நவம்பரில் டேலி பிரைம் என்று வளர்ந்து வந்திருக்கிறது. உரிமம் வாங்காமலே கல்வி முறையில் திறக்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும். "என் கணினியில் 5ஆம் தேதி ஏற மாட்டேன் என்கிறது, கெட்டுப்போச்சா சார்?" என்று வாரம் ஒருவராவது கேட்பார்கள். கெடவில்லை, அந்த முறையே அப்படித்தான். பயிற்சிக் கணக்குகளின் தேதிகளை 1 அல்லது 2 என்று மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கற்பதற்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

க்னூகேஷ் முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதன் வழிகாட்டி நூலே ஒரு கணக்கியல் பாடம்தான். சொத்து, பொறுப்பு, முதல், வருமானம், செலவு என்ற ஐந்து வகைகளில் தொடங்கி மெல்ல அழைத்துப் போகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பத்திகளின் தலைப்பில் முதலில் பற்று, வரவு என்றே இருக்காது. வங்கிக் கணக்கில் "டெபாசிட், வித்டிராயல்" என்று அந்தந்தக் கணக்குக்கு ஏற்ற அன்றாடச் சொல் இருக்கும். விருப்பத் தேர்வுகளில் முறையான கணக்கியல் சொற்களைக் கேட்டு ஒரு டிக் போட்டால், எல்லாத் தலைப்பும் டெபிட், கிரெடிட் என்று மாறிவிடும். முதல் வாரம் அன்றாடச் சொல்லோடு பழகிவிட்டு, இரண்டாம் வாரம் அந்த டிக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குப் பெயர்தான் பற்று வரவு என்று அப்போது தெரியும்.

இவை இரண்டும் வேலை செய்யும் மென்பொருட்கள். மூன்றாவது வகை, கேள்வி கேட்டு விடையைத் திருத்தும் பாட மென்பொருள். ஒரு நடவடிக்கையைத் திரையில் காட்டி, எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு என்று கேட்கும். தவறாகச் சொன்னால் சிவப்பு காட்டி மறுபடி கேட்கும். தொடக்கத்தில் விதிகள் கைக்குப் பழக இது நல்ல பயிற்சி. ஆனால் பத்துக் கேள்வி சரியாகச் சொன்னவுடன் அதிலேயே நின்றுவிடாதீர்கள். தனித்தனி நடவடிக்கைக்கு விடை சொல்வதும், ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுதி முடிப்பதும் ஒன்றல்ல.

முதல் பயிற்சிக்கு ஒரு கணக்கு தருவீர்களா?

நான் எல்லோருக்கும் தரும் முதல் கணக்கு ஒரு சின்னத் தையல் கடை. முதலில் ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எது பற்று, எது வரவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் கணினி.

கடை தொடங்க 60,000 ரூபாய் ரொக்கம் முதலாகப் போடுகிறார். அதில் 22,000-க்குத் தையல் இயந்திரம் வாங்குகிறார். நூல், லைனிங் துணி, பட்டன் எல்லாம் சேர்த்து 8,000-க்குத் துணிக்கடையில் கடனுக்கு எடுக்கிறார். ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுத்து 14,500 ரொக்கமாக வருகிறது. பக்கத்துப் பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததற்கு 9,000 பில். பணம் இன்னும் வரவில்லை. வாடகை 4,000, மின்கட்டணம் 600 கொடுக்கிறார். வீட்டுச் செலவுக்கு 3,000 எடுக்கிறார். துணிக்கடைக் கடனில் 5,000 கட்டுகிறார்.

டேலியில் முதல் போட்டதும் ரொக்க வருமானமும் எஃப்6. இயந்திரம், வாடகை, மின்கட்டணம், எடுப்பு, கடன் கட்டியது எல்லாம் எஃப்5. கடனுக்கு வாங்கிய நூலுக்கு எஃப்9, சீருடை பில்லுக்கு எஃப்8. பேமென்ட், ரிசீப்ட் திரையில் கன்ட்ரோல் எச் அழுத்தி இரட்டைப்பதிவு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றைப்பதிவு முறையில் மறுபாதியை மென்பொருளே நிரப்பிவிடும். வேலைக்கு அது வசதி, கற்பவருக்கு நட்டம்.

எல்லாம் போட்டு முடித்ததும் இருப்பாய்வு இப்படி வர வேண்டும். பற்றுப் பக்கம்: ரொக்கம் 39,900, இயந்திரம் 22,000, தையல் பொருட்கள் 8,000, பள்ளி 9,000, வாடகை 4,000, மின்கட்டணம் 600, எடுப்பு 3,000. வரவுப் பக்கம்: முதல் 60,000, தையல் வருமானம் 23,500, துணிக்கடை 3,000. இரண்டு பக்கமும் 86,500.

வாங்கிய நூலும் துணியும் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும், தேய்மானம் (இயந்திரம் பழசாவதால் குறையும் மதிப்பு) இப்போதைக்கு வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டால் இலாபம், 23,500-இலிருந்து பொருட்கள், வாடகை, மின்கட்டணம் சேர்ந்த 12,600 போக 10,900.

இலாபம் 10,900 என்கிறது. ஆனால் 60,000 போட்ட பெட்டியில் 39,900-தான் இருக்கிறது. எங்கோ தவறா?

தவறில்லை. இந்தக் கேள்வியை நீங்களாகவே கேட்டுவிட்டால் பாதிக் கணக்கியல் முடிந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டே இருப்பேன்.

பெட்டியில் 20,100 குறைந்திருக்கிறது. 22,000 இயந்திரமாக மாறி நிற்கிறது. அது செலவாகிவிடவில்லை, உருவம் மாறியிருக்கிறது. 3,000 வீட்டுக்குப் போனது. சம்பாதித்ததில் 9,000 இன்னும் பள்ளியிடம் இருக்கிறது. மறுபக்கம், வாங்கிய பொருளில் 3,000-க்கு இன்னும் பணம் தரவில்லை. இலாபம் 10,900-இலிருந்து 22,000, 3,000, 9,000 மூன்றையும் கழித்து 3,000-ஐக் கூட்டுங்கள். சரியாக 20,100 குறைவு வரும்.

கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருசாவருசம் லாபம்னு ஆடிட்டர் சொல்றாரு, காசு எங்கேன்னு நான் வீட்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் கடையின் இலாபம் முழுவதும் வசூலாகாத பாக்கியில் கிடந்தது.

டேலியில் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து எந்தத் தொகையின் மேலும் என்டர் அழுத்தினால் அதன் உள்விவரம் திறக்கும். மேலும் மேலும் என்டர் அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் நீங்கள் போட்ட வவுச்சரே வந்து நிற்கும். முதல் மாதம் முழுக்க இதைச் செய்யுங்கள். ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று அடிவேர் வரை போய்ப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

இருப்பாய்வு சமன் ஆகிவிட்டது. அப்படியானால் என் கணக்கு சரிதானே?

சொல்ல முடியாது. கணினியில் கற்பவர்களிடம் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

இரட்டைப்பதிவை 1494-இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி விளக்கியபோது மூன்று ஏடுகளைச் சொன்னார்: நடந்ததை நடந்தபடி எழுதும் நினைவேடு, அதைப் பற்று வரவாக மாற்றும் குறிப்பேடு, கணக்கு வாரியாகப் பிரிக்கும் பேரேடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் எடுத்து எழுதும்போது தவறு நுழையும். 5,400 என்பதை ஒரு பக்கம் மட்டும் 4,500 என்று எழுதிவிட்டால் இருப்பாய்வில் 900 இடிக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதே, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பழைய கணக்குப்பிள்ளைகள் மோப்பம் பிடிப்பார்கள். இருப்பாய்வு உண்மையிலேயே ஒரு காவல்காரனாக இருந்த காலம் அது.

மென்பொருளில் நீங்கள் எழுதுவது ஒரே ஒரு இடத்தில்தான். அங்கே 5,400-க்குப் பதில் 4,500 என்று போட்டால் பற்றும் 4,500, வரவும் 4,500. பேரேட்டுக்கு அது பிசகில்லாமல் போகும். இருப்பாய்வு அழகாகச் சமனாகும். தொகை மட்டும் தவறு. பற்று வரவு சமமாகாத வவுச்சரை டேலி ஏற்றுக்கொள்ளவே செய்யாது. க்னூகேஷில் அப்படி ஒன்றைப் போட்டால் இடிக்கும் தொகையை "இம்பேலன்ஸ்" என்ற கணக்கில் ஒதுக்கி வைக்கும். நம் புத்தகத்தில் வரும் அனாமத்துக் கணக்கு மாதிரி. ஆகவே கணினியில் சமனாவது இயல்பு. அது உங்களுக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. டேலியில் இடிப்பது பெரும்பாலும் தொடக்க இருப்பு போடும்போதுதான். அப்போது "டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்சஸ்" என்று இருப்புநிலைக் குறிப்பிலேயே காட்டும்.

இப்போது தையல் கடைக்குத் திரும்புவோம். இயந்திரத்துக்குப் பேரேட்டுக் கணக்கு திறக்கும்போது, எந்தக் குழுவின் கீழ் என்று டேலி கேட்கும். "ஃபிக்ஸட் அசெட்ஸ்" (நிலையான சொத்து) என்று கொடுப்பதற்குப் பதிலாக "இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ்" (மறைமுகச் செலவு) என்று கொடுத்துப் பாருங்கள். வேண்டுமென்றே செய்யுங்கள். 10,900 இலாபம் 11,100 நட்டமாக மாறும். சொத்துப் பக்கம் 70,900 என்பது 48,900 ஆகக் குறையும். எதிர்ப்பக்கமும் 48,900 ஆகவே நிற்கும். எல்லாம் சமன். எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. பிறகு அந்தக் கணக்கைத் திருத்தி, குழுவைச் சரியாக மாற்றுங்கள். எண்கள் மீண்டு வருவதைப் பாருங்கள். ஒரு வவுச்சரைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு எண்ணெய் ஆலையில், புதிதாக வாங்கிய மோட்டாரை நான் பழுதுபார்ப்புச் செலவில் போட்டுவிட்டேன். பில்லில் மோட்டார் என்று பார்த்ததும் கை பழக்கமாக அந்தக் கணக்குக்கே போனது. மார்ச் முடிந்து கணக்கு முடிக்கும் வரை எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சமனாக இருந்ததால் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. வயதான ஆடிட்டர் ஒருவர் பில் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, அந்த ஒரு பில்லில் விரலை வைத்து, "தம்பி, இது பழுது பார்த்ததா, வாங்கினதா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு பில்லையும் அந்தக் கேள்வியோடுதான் எடுக்கிறேன்.

சமன் காட்டிக்கொடுக்காத வேறு தவறுகளும் உண்டு. பில்லையே பதிவு செய்யாமல் விடுவது. பற்றையும் வரவையும் முழுக்க மாற்றிப் போடுவது. "முருகன் ஸ்டோர்", "முருகன் ஸ்டோர்ஸ்" என்று ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்கு திறந்து, பில் ஒன்றிலும் வசூல் இன்னொன்றிலும் போவது. கடைசியாகச் சொன்னது கணினிக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

கணினி இருக்கும்போது தாளில் எதற்கு எழுத வேண்டும்?

விடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் விடை ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக. பாட மென்பொருளில் "குறிப்பு காட்டு" பட்டன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூன்று முறை ஊகித்தால் மூன்றாவது சரியாக வந்துவிடும். பச்சை விளக்கும் எரியும். ஏன் சரி என்று தெரியாது. தாளில் எழுதிவிட்டால் ஊகிக்க முடியாது. தவறாகப் போனாலும் எந்த யோசனையில் தவறினீர்கள் என்பது அங்கேயே எழுத்தில் இருக்கும்.

நான் தமிழ் வழியில் படித்தேன். திரையில் எல்லாம் ஆங்கிலம். சமாளிக்க முடியுமா?

முடியும். நீங்கள் படித்த சொற்கள் வீணாகாது. டெபிட் பற்று, கிரெடிட் வரவு, ஜர்னல் குறிப்பேடு, லெட்ஜர் பேரேடு, டிரையல் பேலன்ஸ் இருப்பாய்வு, பேலன்ஸ் ஷீட் இருப்புநிலைக் குறிப்பு. பெரியவர்கள் அதையே ஐந்தொகை என்பார்கள். கேப்பிட்டல் முதல், டிராயிங்ஸ் எடுப்புகள், டெப்ரிசியேஷன் தேய்மானம். சன்ட்ரி டெப்டார்ஸ் என்றால் நமக்குத் தர வேண்டியவர்கள், அதாவது கடனாளிகள். சன்ட்ரி கிரெடிட்டார்ஸ் என்றால் நாம் தர வேண்டியவர்கள், கடனீந்தோர். இந்தக் கடைசி இரண்டு மட்டும்தான் அடிக்கடி மாறிப்போகும். தையல் கடையில் பள்ளி முதல் வகை, துணிக்கடை இரண்டாம் வகை என்று நினைவில் வைத்தால் போதும்.

பேரேட்டின் பெயரைத் தமிழில் வைத்துக்கூடப் பழகலாம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்தில் டேலிக்கென்று தனி அலகே இருக்கிறது. அதைத் தமிழ்ப் பதிப்பில் எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் சொல் தட்டுப்பாடு வராது.

"கான்ட்ரா" என்றால் என்ன?

உங்கள் பணம் உங்களுக்குள்ளேயே இடம் மாறுவது. கல்லாவிலிருந்து வங்கியில் கட்டுவது, வங்கியிலிருந்து எடுப்பது, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுவது. எஃப்4. இலாபமும் இல்லை, செலவும் இல்லை.

தேய்மானத்தைக் கணினியே போட்டுவிடுமா?

டேலியில் நீங்கள்தான் கணக்கிட்டு எஃப்7-இல் குறிப்பேட்டுப் பதிவாகப் போட வேண்டும். இயந்திரம் 22,000, பத்து ஆண்டு உழைக்கும், கடைசியில் 2,000-க்கு விலை போகும் என்று வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் ஒரே தொகையைக் குறைக்கும் நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 2,000. தேய்மானத்தில் பற்று, இயந்திரத்தில் வரவு. போட்டதும் இலாபம் குறையும், ரொக்கம் அப்படியே இருக்கும். பணம் வெளியே போகாமலே ஒரு செலவு எப்படி வரும் என்பதைப் பத்துப் பக்க விளக்கத்தைவிட அந்தத் திரை நன்றாகச் சொல்லும்.

ஜிஎஸ்டியை எப்போது கற்பது?

ஜிஎஸ்டி இல்லாத ஒரு முழு மாதக் கணக்கைத் தனியாகப் போட்டு முடித்த பிறகு. பல பயிற்சி மையங்களில் இரண்டாம் வாரமே வரிக்குப் போய்விடுகிறார்கள். அடித்தளம் காய்வதற்குள் மேல் தளம் எழுப்புகிற வேலை.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு விகிதங்களும் படிவங்களும் பலமுறை மாறிவிட்டன. ஆனால் பதிவின் அடிப்படை மாறவில்லை. 18 சதவீத வரி உள்ள பொருளை 10,000 ரூபாய்க்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கிறீர்கள். வாங்குபவர் கணக்கில் பற்று 11,800. விற்பனையில் வரவு 10,000, மத்திய வரியில் 900, மாநில வரியில் 900. வெளி மாநிலம் என்றால் ஒருங்கிணைந்த வரி 1,800. அந்த 1,800 உங்கள் வருமானம் இல்லை. அரசுக்குச் சேர வேண்டியதை வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஆகவே அது பொறுப்பு. நீங்கள் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை விதிகளுக்கு உட்பட்டு அதில் கழித்துக்கொள்வீர்கள். இது புரிந்துவிட்டால் விகிதம் எதுவாக மாறினாலும் கவலையில்லை.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பற்று வரவு கைக்கு வர இரண்டு மூன்று வாரம், ஒரு சின்னக் கடையின் மாதக் கணக்கை யார் உதவியும் இல்லாமல் முடிக்க இன்னும் ஒரு மாதம். என்னிடம் வந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள் ஏழு மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது.

சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா?

சின்ன நிறுவனங்களில் பத்துப் பில்லைக் கையில் கொடுத்துப் போடச் சொல்வார்கள். அதுதான் நேர்காணல். சான்றிதழ் வேண்டுமென்றால் தட்டச்சு, சுருக்கெழுத்து மாதிரியே அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் அக்கவுண்டன்சி ஜூனியர், சீனியர் என்று இரண்டு நிலை இருக்கின்றன. அவை கணக்கியலைச் சோதிப்பவை. டேலிச் சான்றிதழ் தனி. இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று கேட்டால் அக்கவுண்டன்சி என்பேன். மென்பொருள் மாறும்போது கூட வருவது அதுதான்.

தவறாகப் போட்ட வவுச்சரை அழித்துவிடலாமா?

பயிற்சிக் கணக்கில் தாராளமாக அழியுங்கள், மாற்றுங்கள், மறுபடி போடுங்கள். வேலைக்குப் போன இடத்தில் அந்தப் பழக்கம் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே திருத்தும் பதிவு எழுதப் பழகுங்கள். வாடகையில் போட வேண்டிய 4,000-ஐ மின்கட்டணத்தில் போட்டுவிட்டால், வாடகையில் பற்று 4,000, மின்கட்டணத்தில் வரவு 4,000, கீழே ஒரு வரி விளக்கம். பிழைத் திருத்தம் என்று புத்தகத்தில் ஒரு பாடமே இருப்பது இதற்காகத்தான்.

பயிற்சிக் கணக்கை பேக்கப் எடுத்து வைக்க வேண்டுமா?

வேண்டும், முதல் நாளிலிருந்தே. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது கணினிக்கு வெளியே, ஒரு பென் டிரைவில், தேதியைப் பெயராக வைத்து ஒரு பிரதி எடுங்கள். எடுத்ததோடு விடாமல் வாரம் ஒருமுறை அதை ரெஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பாருங்கள். தையல் கடையில் ரொக்கம் 39,900 காட்டினால் பிரதி நன்றாக இருக்கிறது.

அடுத்த பயிற்சிக்கு, அதே கடையில் மாதக் கடைசியில் 2,500 ரூபாய்க்கு நூலும் துணியும் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இலாபம் எவ்வளவு என்று தாளில் போட்டுப் பாருங்கள். 13,400 வந்தால் கணினியைத் திறக்கலாம்.